59 வயதில் முதல் 10 கி.மீ. ஓட்டம்: பதிவு செய்வதிலிருந்து மாடிப்படி இறங்குவது வரை

ஓடுகிறவர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை, அதாவது பிப்பை, கொடுக்கும் கவுன்ட்டரில் இருந்த பையன் என் ஆதாரைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி ஆதாரைப் பார்த்தான். "ஆன்ட்டி, இது வேற யாரோ மாதிரி இருக்கே" என்றான். பெயரும் பொருந்தவில்லை, பிறந்த தேதியும் பொருந்தவில்லை. பதினான்கு வாரம் மழையிலும் பனியிலும் ஓடிப் பழகியாயிற்று. டாக்டரிடம் தலையாட்டல் வாங்கியாயிற்று, புது ஷூவும் வந்தாயிற்று. கடைசியில் ஒரு படிவத்தில் இரண்டு கட்டங்களை அசட்டையாக நிரப்பியதால் மறுநாள் ஓடுவேனா மாட்டேனா என்று முக்கால் மணி நேரம் நின்றேன்.

நான் 31 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை உண்டு, மூக்குக்கண்ணாடி உண்டு, இடது குதிகாலில் பழைய வலியும் உண்டு. போன பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஒரு சின்ன சாலை ஓட்டத்தில் 10 கி.மீ. ஓடினேன். ஓடுவது நினைத்ததைவிட எளிதாகத்தான் இருந்தது. ஓட ஆரம்பிக்கும் கோட்டுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. ஐம்பது தாண்டி முதல் தடவை ஓடப் போகிறவர்களுக்காக, நான் பட்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. ஐந்தா, பத்தா?

"வயசாயிடுச்சு, ஐந்து போதும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பல ஊர்களில் 5 கி.மீ. என்பது நேரம் கணக்கிடாத ஓட்டம். நேரத்தைப் பதிவு செய்யும் டைமிங் சிப் இருக்காது, வயதுப் பிரிவு இருக்காது, பள்ளிப் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவார்கள், பாதி தூரம் செல்ஃபிதான். உங்கள் நேரம் பதிவாக வேண்டும் என்று நினைத்தால், "டைம்டு" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பத்து என்றால் முதலில் பார்க்க வேண்டியது கட்-ஆஃப். அந்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் பின்னால் வரும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள், அல்லது சாலையைத் திறந்துவிடுவார்கள். கணக்கு சுலபம். 2 மணி நேரம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடம். வேகமாக நடந்தே முடித்துவிடலாம். 1 மணி 30 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம். நடந்து மட்டும் அதைப் பிடிப்பது கடினம், இடையிடையே ஓடியே ஆக வேண்டும். எனக்கு 1 மணி 45 நிமிடம் கொடுத்திருந்தார்கள்.

எந்த மாதம் என்பதையும் யோசியுங்கள். சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. கோவை மாரத்தான் டிசம்பரில். இரண்டிலும் 10 கி.மீ. பிரிவு உண்டு. நம் ஊர் வெயிலுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வயதானவர்களுக்குத் தோது. ஆனால் அதற்கான பயிற்சி ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்து விழும். பன்னிரண்டு வாரம் வேண்டும் என்றால் பதினான்காக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் எப்படியும் தண்ணீரில் போகும்.

2. பணம் கட்டும் முன்பே டாக்டர்

நான் தலைகீழாகச் செய்தேன். பதிவு செய்துவிட்டு டாக்டரிடம் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கட்டிய பணம் போனதுதான். பெரும்பாலான ஓட்டங்களில் பணம் திரும்பக் கிடைக்காது, அடுத்த வருடத்துக்கு மாற்றவும் விட மாட்டார்கள்.

ஐம்பதுக்கு மேல், அதுவும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், "சும்மா செக்-அப்" என்று கேட்காதீர்கள். "10 கி.மீ. ஓடப் போகிறேன், இந்த மாதம், இந்தத் தேதி" என்று சொல்லுங்கள். எனக்கு இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கிரியேட்டினின், ஹீமோகுளோபின் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய், டாக்டர் கட்டணம் 700. தேதி கிடைத்து, ரிப்போர்ட் வந்து, மறுபடி அவரைப் பார்க்க இரண்டரை வாரம் ஆயிற்று.

டிரெட்மில் டெஸ்ட்டுக்கு நான் புடவையும் செருப்புமாகப் போனேன். "சுடிதார், ஷூ போட்டுக்கிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். அரை நாள் வீண். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள்.

டாக்டரிடம் இந்த மூன்றையும் கேட்காமல் எழுந்து வராதீர்கள்:

முதலாவது, ஓட்ட நாள் காலை மாத்திரை. சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு சேர்ந்திருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ, ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. என் மாத்திரை இரண்டும் கலந்தது. ஐந்தாவது வாரம் ஒரு நாள் கை நடுங்கி, வியர்த்து, வீட்டு வாசலைத் திறக்கச் சாவி நுழையவில்லை. அதன் பிறகுதான் டாக்டர் அளவை மாற்றினார். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள். கடலைமிட்டாய் ருசிதான், ஆனால் அந்த நேரத்துக்கு அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

இரண்டாவது, ரத்த அழுத்த மாத்திரை. பீட்டா பிளாக்கர் வகை என்றால் நாடித் துடிப்பு ஏறாமல் பிடித்துவைக்கும். கைக்கடிகாரத்தில் எண் குறைவாகக் காட்டுகிறதே என்று வேகமெடுக்கக் கூடாது. சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை என்றால் உடம்பில் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

மூன்றாவது, வலி மாத்திரை. "ஓடுறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்கோங்க, முட்டி வலிக்காது" என்று பூங்காவில் யாராவது ஒரு மாமா கண்டிப்பாகச் சொல்வார். தண்ணீர் வற்றிய உடம்பில் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

3. பதிவுப் படிவம்

என் கதை நடந்த இடம் இதுதான்.

பெயர்: படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? நான் கணவர் பெயரைப் போட்டேன். ஆதாரில் அப்பாவின் இனிஷியல். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். இனிஷியலே கடைசிப் பெயராகப் போகட்டும்.

பிறந்த தேதி: நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்த நாள். ஒன்று அம்மா சொன்னது, இன்னொன்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. பழக்கத்தில் நான் அம்மா சொன்ன தேதியைப் போட்டுவிட்டேன். ஆதார் சொல்வதைத்தான் போட வேண்டும். பழைய ஆதார் அட்டைகள் சிலவற்றில் ஆண்டு மட்டும்தான் இருக்கும். அப்படியானால் பான் அட்டையையோ பாஸ்போர்ட்டையோ கூட எடுத்துப் போங்கள்.

வயதுப் பிரிவு: ஓட்டம் நடக்கும் நாளில் உங்கள் வயது என்ன என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் பிரிக்கிறார்கள். சில இடங்களில் 45க்கு மேல் எல்லோரும் ஒரே பிரிவு. சில இடங்களில் 60க்கு மேல் தனி. பரிசு வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் பார்த்துவையுங்கள், முடிவுப் பட்டியலில் பேரைத் தேட அது வேண்டும்.

அவசரத் தொடர்பு எண்: உங்களோடு ஓடப் போகிறவரின் எண்ணைப் போடாதீர்கள், அவர் போனை எடுக்க மாட்டார். என் படிவத்தில் அமெரிக்காவில் இருக்கும் மகனின் எண் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அடித்துவிட்டு, கீழ் வீட்டுக்காரரைக் கேட்டு அவர் எண்ணைப் போட்டேன்.

டீ-ஷர்ட்: பெரும்பாலும் ஆண்கள் அளவு. பெண்கள் வழக்கத்தைவிட ஒரு அளவு குறைத்துப் போடலாம், ஆனால் அளவு அட்டவணையில் மார்புச் சுற்றளவைப் பார்த்துவிட்டு.

கட்டணம்: போட்டிருக்கும் தொகை வேறு, கட்டும் தொகை வேறு. ஜி.எஸ்.டி.யும் பணம் செலுத்தும் தளத்தின் கட்டணமும் கடைசிப் பக்கத்தில்தான் முளைக்கும். எனக்கு எல்லாம் சேர்ந்து 1,299 ஆயிற்று. முதல் சில வாரங்களில் பதிவு செய்தால் மலிவு. மின்னஞ்சல் முகவரியைத் தப்பாக அடித்துவிடாதீர்கள், எல்லாத் தகவலும் அதற்குத்தான் வரும்.

இன்னொருவர் வர முடியாமல் போய் அவருடைய பிப்பை உங்களுக்குக் கொடுக்க முன்வந்தால் வாங்காதீர்கள். பிடித்தால் தகுதி நீக்கம் செய்வார்கள், அது பெரிய விஷயமில்லை. நீங்கள் மயங்கி விழுந்தால் அந்த எண்ணை வைத்து அவருடைய ரத்த வகையையும் அவர் வீட்டு நம்பரையும்தான் எடுப்பார்கள்.

4. ஷூவும் கண்ணாடியும்

ஷூ சாயங்காலம் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீங்கள் போடப்போகும் சாக்ஸோடு போட்டு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். நாலாயிரத்துக்கு மேல் ஐயாயிரத்துக்குள் நல்லது கிடைக்கிறது, என்னுடையது 4,600. ஓட்டத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே பழக்கிவிடுங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையில் ஊறிக் கொப்புளம் தரும். ஓடுவதற்கென்று விற்கும் செயற்கை இழை சாக்ஸ் இரண்டு ஜோடி 500 ரூபாய்.

கண்ணாடியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. தூரமும் கிட்டமும் சேர்ந்த புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறவர்களுக்கு, கீழே பார்க்கும்போது காலடித் தரை மங்கலாகத் தெரியும். விடியாத இருட்டில், வேகத்தடை மேல் ஓடும்போது அது ஆபத்து. தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி 1,800 ரூபாய்க்குப் போட்டு, பின்னால் எலாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டேன். நான் செய்த செலவிலேயே உருப்படியானது இதுதான்.

5. பதினான்கு வாரம்

வாரம் மூன்று நாள் போதும். நம் வயதில் தசை தேறி வர நேரம் எடுக்கும், இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். ஏற்கெனவே அரை மணி நேரம் வாக்கிங் போகிறவர்களுக்கான கணக்கு இது. போகாதவர்கள் முதலில் ஒரு மாதம் நடங்கள்.

முதல் மூன்று வாரம்: 1 நிமிடம் மெல்லோட்டம், 3 நிமிடம் நடை, மொத்தம் 30 நிமிடம். அடுத்த மூன்று வாரம் நடையை 2 நிமிடமாகக் குறையுங்கள். பிறகு மெதுவாக ஓட்டத்தைக் கூட்டினால், பத்தாவது வாரம் 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று வந்துவிடும். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். ஓட்ட நாளிலும் அப்படியேதான் ஓடினேன், 1 மணி 24 நிமிடத்தில் முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூரம் கூட்டுங்கள், வாரம் அரை கிலோமீட்டர். 8 கி.மீ. வந்தால் போதும், 10 தானாக வரும். கடைசி வாரம் பாதியாகக் குறையுங்கள்.

வேகம் சரியா என்று பார்க்கக் கடிகாரம் தேவையில்லை. பேச முடிகிறதா பாருங்கள். நான் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே ஓடுவேன். எட்டு பதினாறு நூற்று இருபத்தெட்டு என்று மூச்சிரைக்காமல் வந்தால் சரி. வராவிட்டால் நடை.

குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் தினமும் ஒன்று செய்யுங்கள். படிக்கட்டு விளிம்பில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெல்ல ஏற்றி இறக்குவது. பதினைந்து தடவை, இரண்டு முறை. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் சுள்ளென்றால் அந்த வாரம் ஓட்டத்தைக் குறைத்துவிடுங்கள்.

பெண்களுக்கு மட்டும் ஒன்று. ஓடும்போது சிறுநீர் கசிகிறது என்று பலர் மூன்றாவது நாளே நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை பெற்ற, மாதவிடாய் நின்ற உடம்பில் இது சாதாரணம். வெட்கப்பட ஒன்றுமில்லை. இடுப்படித் தசைக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டால், இரண்டு மூன்று மாதத்தில் குறையும். அதுவரை ஒரு பேட் வைத்துக்கொண்டு ஓடுங்கள். நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவும் ஷூ அளவுக்கு முக்கியம்.

எங்கே ஓடுவது? மெரினா, எலியட்ஸ் கடற்கரை, அண்ணா நகர் டவர் பூங்கா எல்லாம் சரி. ஆனால் பூங்கா ஓடுபாதையில் மட்டும் பழகினால் தார்ச்சாலை காலைப் பிடித்துவிடும், வாரத்தில் ஒரு நாளாவது சாலையில் ஓடுங்கள். நான் நங்கநல்லூர்த் தெருக்களில் ஓடினேன். மார்கழியில் வீட்டுக்கு வீடு கோலம். மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓடியதில் கால் தூக்கும் பழக்கம் தனியாக வந்தது. நாய்கள் உள்ள தெருவை மட்டும் நடந்து கடங்கள்.

6. பிப் வாங்கும் நாள்

ஓட்டத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு நாட்கள்தான் பிப் கொடுப்பார்கள். ஓட்ட நாள் காலையில் பெரும்பாலும் கிடையாது. முதல் நாளே, காலையிலேயே போய்விடுங்கள். கடைசி நாள் சாயங்காலம் ஐந்தரைக்குப் போன எனக்குத்தான் பெயர்ச் சிக்கலைத் தீர்க்க முக்கால் மணி நேரம் ஆளில்லாமல் போயிற்று. என் அளவு டீ-ஷர்ட்டும் தீர்ந்திருந்தது.

எடுத்துப் போக வேண்டியவை: பதிவை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் அல்லது கியூ.ஆர். குறியீடு, காகிதத்தில் அச்சடித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்தக் கூடத்தில் ஆயிரம் பேர் போனை நோண்டிக்கொண்டிருக்க, சிக்னல் வராது. அசல் அடையாள அட்டையும் நகலும். பிள்ளைகளை அனுப்புவதாக இருந்தால் உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் உங்கள் அட்டையின் நகலும். சிலர் மருத்துவச் சான்றும் கேட்பார்கள், டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் அங்கேயே பாருங்கள்: பெயர், பிரிவு, நான்கு ஊக்குகள், பிப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் சிப். அந்தச் சிப்பை மடிக்கவோ கசக்கவோ கூடாது. பின்புறம் ரத்த வகை, மருந்து விவரம், தொடர்பு எண் எழுத இடம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள், மைப்பேனா வியர்வையில் கரையும்.

7. அந்தக் காலை

எனக்கு ஓட்டம் 5.45க்கு. எழுந்தது 3.15. மெட்ரோ வழக்கமாக 5 மணிக்குத்தான் கிளம்பும். பெரிய ஓட்டங்களுக்கு முன்னதாகவே விடுவதுண்டு, முந்தின நாள் அறிவிப்பைப் பாருங்கள். ஆட்டோ என்றால் தெரிந்தவரிடம் இரவே சொல்லிவையுங்கள். சாலைகளை அடைத்திருப்பார்கள், கடைசி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். போக வர எனக்கு 450 ரூபாய்.

இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, சட்னி இல்லாமல், அரை டம்ளர் காபி. புதிதாக எதையும் அன்றைக்குச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். காபி வேண்டாம் என்பார்கள் சிலர். காபி இல்லாமல் வயிறு கிளம்பாத குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்த அறிவுரை செல்லாது.

நடமாடும் கழிப்பறை வரிசையில் இருபது நிமிடம் நின்றேன். டிஷ்யூ நீங்களே கொண்டுபோங்கள், உள்ளே விளக்கும் இருக்காது. பை வைக்கும் இடத்தில் நகை, பணம் வைக்காதீர்கள். தாலிச் செயினையும் வளையலையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். துப்பட்டாவும் வேண்டாம், அது பிப்பை மறைக்கும்.

அழைத்து வருகிறவரிடம் முடிவுக்கோட்டுக்கு அருகில், வெளியே ஒரு கட்டிடத்தைச் சொல்லி அங்கேயே நிற்கச் சொல்லுங்கள். "முடியிற இடத்துல நிக்கறேன்" என்றார் என் கணவர். முடியும் இடத்தில் இரண்டாயிரம் பேர்.

8. ஓடும்போது

பின்னால், ஓரமாக நில்லுங்கள். முன்னால் நின்றால் இளவட்டங்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். சிப் இருப்பதால் நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் நேரம் தொடங்கும், அவசரமில்லை. ஆனால் கட்-ஆஃப் நேரத்தை, ஓட்டத்தைத் தொடங்கத் துப்பாக்கி சுட்டதிலிருந்து எண்ணுகிற இடங்களும் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு கிலோமீட்டர் கூட்டம் உங்களை இழுக்கும். மேளம் வேறு அடிப்பார்கள். நான் மூன்று நிமிடம் ஆனதும் நடந்தேன். "கமான் ஆன்ட்டி, நிக்காதீங்க!" என்று ஒரு பெண் உற்சாகப்படுத்தினாள். கையைக் காட்டிவிட்டு நடந்தேன். ஏழாவது கிலோமீட்டரில் அவளைத் தாண்டினேன். சின்ன சந்தோஷம்தான்.

தண்ணீர் மேசை அருகே ஓடாதீர்கள். காகிதக் கப்புகளும் வாழைப்பழத் தோலும் நனைந்த தார்ச்சாலையும் சேர்ந்தால் வழுக்கும், நம் இடுப்பெலும்புக்கு அது தாங்காது. நின்று, இரண்டு வாய் குடித்து, நடந்து தாண்டுங்கள். சாலையில் பதித்திருக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் பூனைக்கண் கட்டைகளும் காலைத் தட்டும். தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் தலைசுற்ற வைக்கும். இரண்டு மேசைக்கு ஒரு தடவை உப்பு சேர்ந்த பானம் எடுங்கள். சர்க்கரைக்காரர்கள் அதில் எவ்வளவு இனிப்பு என்று முன்பே பார்த்துவையுங்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, வழக்கமில்லாத மூச்சுத்திணறல். இதில் எது வந்தாலும் நின்றுவிடுங்கள். பெண்களுக்கு இது குமட்டலாகவோ முதுகு வலியாகவோ அசாத்திய சோர்வாகவோ கூட வரலாம். வாயுவாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல், பக்கத்துத் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் 108.

9. முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள். ரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும். பத்து நிமிடம் மெதுவாக நடந்து, பிறகு பதக்கம், பிறகு பொங்கல். காலைச் சாப்பாட்டுக் கூப்பன் பிப்பிலேயே இருக்கும், கிழித்துக் கொடுப்பார்கள். சர்க்கரைக்காரர்கள் சாயங்காலம் ஒரு தடவை அளவு பாருங்கள். ஓடி முடித்துப் பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம்.

உங்கள் நேரம் அன்றே அல்லது மறுநாள் வரும். பெயர் இல்லாவிட்டால் பதறாதீர்கள், சிப் சில சமயம் படிக்காது. முடிவுக்கோட்டுப் படமோ கைக்கடிகாரப் பதிவோ இருந்தால், பிப் எண்ணோடு சேர்த்து நேரம் கணக்கிடும் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும், பிறகு கேட்க மாட்டார்கள்.

செலவு மொத்தம், கணக்குப் பிரிவுக்காரியாகச் சொல்கிறேன்: 12,749 ரூபாய். அடுத்த ஓட்டத்துக்குப் பதிவுக் கட்டணமும் ஆட்டோவும் மட்டும்தான்.

அடுத்த இரண்டு நாள் தொடை பிடித்துக்கொள்ளும். ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும். மாடி வீட்டுக்காரர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குங்கள். பால், காய்கறியெல்லாம் ஓட்டத்துக்கு முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.